எழுதாத் தமிழனும் எழுதிய வணிகனும்

எழுத நேரமில்லை என்கிறான் தமிழன். விழித்தது முதல் உறங்கும் வரை கைப்பேசியைத் தேய்த்துக் கொண்டிருப்பவனும் இதையே சொல்கிறான். தேய்க்க நேரமுண்டு, தமிழில் இரண்டு பத்தி எழுத மட்டும் நேரமில்லையாம்! எழுதத் தொடங்கியவர்களின் கதையோ இதனினும் மானக்கேடானது. பொங்கலன்று ஓர் உறுதி. இனி நாள்தோறும் எழுதுவதாக ஓர் ஊரறிந்த அறிவிப்பு. பத்து நாள் பாய்ச்சல். மாசி பிறக்குமுன் அடக்கம். வைக்கோலில் பற்றிய தீயும் இதைவிடச் சற்று நின்றெரியும்.

எழுத்தையே தொழிலாகக் கொண்டோரைப் பற்றிய பேச்சன்று இது. அவர்களைக் கூலி எழுத வைக்கும். ஊதியம் கருதாது, ஓய்ந்த பொழுதில், தாம் அறிந்ததைத் தமிழில் எழுதி வைக்கத் தக்க ஆசிரியரும் உழவரும் கணக்கரும் கம்மியரும் இல்லத்தரசியரும் வாய்மூடிக் கிடப்பதே இங்கு வழக்கு. மண்ணையும் மழையையும் மாட்டின் நோயையும் பற்றித் தமிழில் எழுத வேண்டியவர் இவர்களே. இவர்கள் எழுதாதொழிந்தால் மேடைத்தமிழும் திரைத்தமிழும் மட்டுமே எஞ்சும். மற்ற அறிவையெல்லாம் ஆங்கிலத்திடம் இரந்து பெற வேண்டியதுதான்.

நேரமில்லை என்போர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அவர் புலவரல்லர்; வணிகர். துணியும் பாக்கும் கப்பலும் கடனும் அவர்தம் உலகம். 1736 செப்டம்பர் 6-ஆம் நாள், இருபத்தேழு அகவையில், காதாற் கேட்டதையும் கண்ணாற் கண்டதையும் கப்பல் வருவதையும் போவதையும் எழுதி வைக்கத் தொடங்கினார். 1747-இல் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியானார், அலுவல் பன்மடங்காயிற்று. எழுத்து நிற்கவில்லை. 1746-இல் பிரெஞ்சியர் சென்னையைப் பிடித்ததும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அவர் ஏட்டில் உள்ளன. பாக்குக் கிடங்கில் நடந்த வம்புப் பேச்சும் அதே ஏட்டில் உள்ளது. 1761 சனவரியில், புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள் முன்பு, அவர் மறைந்தார். ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள்! யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. இன்று அக்காலத் தென்னாட்டு வரலாற்றை எழுதுவோர் எவரும் அந்த ஏட்டைத் தொடாமல் நகர முடிவதில்லை.

அவ்வேட்டிலும் விடுபட்ட நாள்கள் உண்டு. ஆனால் விடுபட்டதைச் சாக்கிட்டு அவர் ஏட்டை மூடிவிடவில்லை, மறுபடி எடுத்தார். இற்றைத் தமிழனோ ஒரு கிழமை தவறினால் ஓராண்டு தவறுகிறான். தவறிய நாளுக்கு ஈடுசெய்ய ஒரே இரவில் பத்துப் பக்கம் எழுதப் புகுந்து, களைத்து, அதோடு தலைமுழுகுகிறான்.

இன்னொரு கூட்டம் உண்டு. அது இவ்வியக்கத்தின் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறது. தூய தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை எழுதுவதில்லை என்று நோன்பு பூண்ட கூட்டம். பிறர் எழுதியதில் ஒரு வடசொல்லைக் கண்டால் பாய்ந்து குதறும்; தான் ஆண்டுக்கு ஒரு வரி எழுதாது. ஆனந்தரங்கர் தமிழ் தூயதமிழன்று. வடசொல்லும் உருதுவும் போர்த்துகீசும் பிரெஞ்சும் அதில் மண்டிக் கிடக்கின்றன. அது குறையே, மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அக்குறையுள்ள ஏடு நின்றது. குறையே இல்லாத ஊமைத்தமிழ் எதை நிறுத்தியது? எழுத எழுதத்தான் சொல் தெளியும். நேற்று எழுதியதில் நான்கு அயற்சொல் இருந்தால் இன்று மூன்றாக்கலாம். எழுதாதவன் எதைக் குறைப்பான்?

பழக்கம் என்பது வீறாப்பால் வருவதன்று, அளவால் வருவது. நாள்தோறும் இயலாதெனில் கிழமைக்கு ஒரு முறை. ஆனால் அதே நாள், அதே பொழுது. அரைப் பக்கம் போதும். எழுதுபொருளைத் தேடி விண்ணை அண்ணாந்து பார்க்க வேண்டுவதில்லை. தையற்காரர் துணி வெட்டும் முறையை எழுதட்டும். மீனவர் காற்றின் பெயர்களை எழுதட்டும். பேருந்தில் தோன்றிய எண்ணத்தை அங்கேயே ஒரு வரி குறித்துக் கொண்டால், எழுத அமரும்போது வெறுந்தாள் அச்சுறுத்தாது. ஊக்கமிக்க நாளில் இரண்டு எழுதி ஒன்றைச் சேர்த்து வைத்தால் காய்ச்சல் வந்த கிழமைக்கு அது கைகொடுக்கும். உழவன் விதைநெல்லை எடுத்து வைப்பதை இவர்களுக்குக் கற்பிக்க வேண்டுமா என்ன?

இயலாதென்று உதடு பிதுக்குவோர் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து பார்க்கலாம். 2003-இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியம் ஒன்றரை இலக்கம் கட்டுரைகளைக் கடந்து விட்டது. பெரும்பகுதியை எழுதியோர் தமிழகத்திலும் ஈழத்திலும் அயல்நாடுகளிலும் வேறு தொழில் பார்த்து உண்போர். இரவில் ஒரு கட்டுரை, விடுமுறையில் இரண்டு என்று அடுக்கியதே அந்த மலை. அவர்கள் எண்ணிக்கை மிகச் சிறிது என்பதே எட்டுக்கோடி பேரின் மொழிக்கு நேர்ந்த இழிவு.

கருவி இல்லை என்ற சாக்கும் போயிற்று. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைக்கும் மெய்யுள் பெரும்பாலானவை வலக்கைக்கும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்தும் அடங்குகின்றன. சில நாள் முயன்றால் விரல் பழகிவிடும். அதைக் கற்கச் சோம்பி, அம்மாவை ஆங்கில எழுத்தில் அழைக்கும் தமிழனைக் கண்டு யார் சிரிப்பது, யார் அழுவது? அயலெழுத்தில் எழுதிய தமிழைப் பின்னாளில் எவன் தேடினாலும் கிட்டாது. ஒரே சொல்லை ஒவ்வொருவனும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பான்.

இனி எஞ்சுவது ஒரு சாக்கு: எழுதினால் யார் படிப்பார்? ஆனந்தரங்கர் ஏட்டைத் தமிழர் எவரும் தேடவில்லை. அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846-இல், அதைக் கண்டெடுத்தவர் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சியர். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு மடலங்களாக அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் எழுதிய அந்நூலின் தமிழ்மூலம் முதல் மடலமாக அச்சேறியது 1948-இல். தமிழன் எழுதிய தமிழை நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே படிக்க வைத்த பெருமை தமிழனுக்கே உரியது. அந்த வணிகரோ இவற்றுள் ஒன்றையும் அறியார். மறுநாளும் கப்பல் வந்ததா என்று பார்த்து எழுதினார்.