தெருக்குரலும் "ஒண்ணும் புரியல" கோஷ்டியும்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்த பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகம், தள்ளிக்கிட்டே போச்சு. நேத்து ஒரு நண்பர், நல்லா வாசிக்கிற மனுஷன், "அறிவு என்னத்தையோ வேகமா கத்துறான், ஒரு எழவும் புரியல, இதெல்லாம் பாட்டா?"ன்னு சாட்ல கேட்டார். அந்த 'றான்' விகுதியைக் கவனிங்க மக்களே. வேற எந்தப் பாடகருக்கும் அவர் 'ர்' போடத் தவறினதே இல்லை.

அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் போட்டது 2019ல. அப்போ இருந்தே இந்தப் புலம்பல்தான். வார்த்தை ஜாஸ்தியாம், மூச்சு விட இடமில்லையாம், நாலு தடவை கேட்டாத்தான் பிடிபடுதாம். ஆமாங்க, ராப்னா அப்படித்தான். அதுல வார்த்தைதான் தாளம்.

நான் புதுக்கோட்டைக்காரன். எங்க மாவட்டத்து விராலிமலை முருகன் மேல அருணகிரிநாதர் பாடின திருப்புகழ் இருக்கு. பதம் பிரிக்காம ஒண்ணைப் படிச்சுப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும். அர்த்தம் தெரிஞ்சுதான் எல்லாரும் கேக்கறோமா? ஆனா ஒருத்தராச்சும் "கொஞ்சம் மெதுவா பாடுங்க, புரியல"ன்னு சொல்லி நான் கேட்டதில்லை. சந்தம்னு சொல்லித் தலையாட்டுறோம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையோட ஊர் இது. கணக்கு விளங்காதவங்களும் தனி ஆவர்த்தனம் முடிஞ்சா கைதட்டுவாங்க. அப்போ அடர்த்தி நமக்குப் பிரச்சினையே இல்லை.

புரிஞ்சிடுச்சு, அதான் பிரச்சினை. நண்பரோட அடுத்த வரி, "எல்லாத்துலயும் சாதியை இழுக்கிறான்". ஒண்ணும் புரியாதவருக்கு இது மட்டும் எப்படி சார் புரிஞ்சது? யாரும் இழுக்க வேணாம், அது தானா குடிதண்ணில வந்து விழுது. 2022 டிசம்பர்ல எங்க மாவட்டத்து வேங்கைவயல்ல, பட்டியல் சமூக மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில மலம் கலந்து கிடந்துச்சு. இதைப் பத்தி நண்பர் எந்த வேகத்துலயும் பேசிக் கேட்டதில்லை.

இந்த கோஷ்டியையாவது விட்டுடலாம். பாராட்டுற கோஷ்டி இருக்கே, அதுமேலதான் எனக்குக் கோபம் அதிகம். "வலியின் குரல்", "அடித்தட்டின் ஆவேசம்"னு ரெண்டு லேபிள் ஒட்டிட்டு விமர்சனத்தை முடிச்சிடறாங்க. எதுகை எங்க விழுது, மூச்சை எங்க நிறுத்தறார், தெருப்பேச்சும் மேடைத்தமிழும் எப்படி ஒரே அடியில முட்டிக்குதுன்னு ஒரு வரி கிடையாது. கண்ணதாசன்னா சொல்லழகுன்னு பத்தி பத்தியா எழுதுவோம், அறிவுன்னா ஆவேசம் மட்டும். ஆவேசம் யாருக்கும் வரும்யா, எனக்கே அப்ரைசல் டைம்ல வருது. அதைத் தாளத்துல உக்கார வைக்கத் தொழில் தெரியணும்.

வார்த்தையை உழைப்பா மதிக்காம விட்டா என்ன ஆகும்? 2021 மார்ச்ல 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் பூரா ஓடிச்சு. அந்த ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்துல தீ இருந்தாங்க, ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், எழுதினவர் இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையா கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியா ஒரு டிஜிட்டல் அட்டை வந்துச்சு. 2022 ஜூலையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, அதே பாட்டு, மேடையில அவர் இல்லை. அவர் வருத்தத்தைச் சொன்னார், சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்க பக்கத்தைச் சொன்னாங்க. மெட்டுல யாருக்கு எவ்வளவு பங்குங்கற பஞ்சாயத்துக்கு நான் வரலை. ஆனா பாட்டைக் கொண்டாடின நம்மாளுங்க எத்தனை பேர் "வரி யாருது?"ன்னு கேட்டோம்? ஆவேசத்துக்கு ஓனர் கிடையாதுல்ல, யார் வேணா எடுத்துக்கலாம்.

டிஸ்கி: தெருக்குரல்ல 'கள்ள மௌனி'ன்னு ஒரு பாட்டு இருக்கு. ஹெட்போன் மாட்டி ரெண்டு தடவை கேட்டுட்டு வந்து திட்டுங்க. ஒரு தடவை மட்டும் கேட்டவங்க பின்னூட்டம் ரிலீஸ் ஆகாது :-)