தத்துவத்துக்கும் ஒரு மகமை

சென்னைப் பல்கலைக்கழகம் 1970இல் ரஷ்யச் சிந்தனையாளர் பெர்டியாயெவின் இருத்தலியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. எழுதியவர், அங்கே தத்துவம் கற்பித்த ஆர். பாலசுப்ரமணியன். பெர்டியாயெவ் 1922இல் போல்ஷெவிக் அரசால் நாடு கடத்தப்பட்டவர். 1948இல் பாரிஸ் அருகே இறந்தவர். சுதந்திரம் கடவுள் படைத்ததல்ல, அதற்கும் முந்தியது என்று சொன்னவர். இப்படிப்பட்ட ஒரு கிறித்தவரை ஆராய்ந்த அதே பேராசிரியர்தான் சுரேஸ்வரரின் அத்வைத நூல்களையும் பதிப்பித்து மொழிபெயர்த்தார். இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். குறைசொல்ல இடமில்லாத கல்வி வாழ்க்கை.

ஆனால் பெர்டியாயெவ் நூல் ஆங்கிலத்தில் இருந்தது. சுரேஸ்வரரும் ஆங்கிலத்துக்கே போனார். காரைக்குடியில் தமிழ் மட்டும் படிக்கும் ஒருவருக்கு இரண்டுமே எட்டவில்லை.

அவருக்கு இருத்தலியல் வேறு வழியாக வந்தது. 1975இல் எஸ்.வி. ராஜதுரையின் அறிமுக நூலைக் க்ரியா வெளியிட்டது. ராஜதுரை அப்போது பேராசிரியர் அல்லர். பிறகு வெ. ஸ்ரீராம் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்தார். எழுபதுகளின் சிற்றிதழ்கள் இருத்தலியலாளர் சார்த்தரை வைத்துச் சண்டையே போட்டன. அந்தச் சண்டையில் வேகம் இருந்தது. மூலநூலை வரிவரியாகப் படித்த பயிற்சி பல நேரம் இல்லை. பயிற்சி இருந்தவர்கள் வளாகத்துக்குள் இருந்தார்கள். பதவி உயர்வுக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் ஆங்கிலக் கட்டுரைதான் கணக்கில் வரும் என்றால் எந்தப் பேராசிரியர் தமிழில் எழுதுவார்? இது தனிமனிதர் குற்றமல்ல, ஏற்பாட்டின் குற்றம்.

இதைச் செட்டிநாட்டிலிருந்து சொல்ல நமக்குக் காரணம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவியவர் கானாடுகாத்தான்காரர். கோட்டையூர் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நிலமும் பணமும் தந்தார். பொறியியலுக்கும் இசைக்கும் கோயில் திருப்பணிக்கும் கொடுத்த மண் இது. 1942இல் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இங்கே உண்டு. சேர்த்ததெல்லாம் போனபின் மனிதன் யார் என்ற கேள்வியைச் சார்த்தர் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை ஒழுங்காக யோசிக்கத் தமிழில் நூல்கள்தான் வேண்டும்.

வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்குவது செட்டிநாட்டு நகரத்தார் வழக்கம். அதில் ஒரு சிறு பகுதி தத்துவத்துக்கு வரட்டும். மூலமொழி தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், துறை தெரிந்த ஒரு பேராசிரியர், கண்டிப்பான ஒரு பதிப்பாசிரியர்: மூவருக்கும் கௌரவமான ஊதியம் கொடுத்தால் கீர்க்கேகோர், ஹைடெக்கர், சார்த்தர் ஆகியோரின் நூல்களை விளக்கக் குறிப்புகளோடு ஒவ்வொன்றாகக் கொண்டுவரலாம். அந்த உழைப்பைப் பல்கலைக்கழகங்கள் ஆய்வாக ஏற்க வேண்டும். அறக்கட்டளை வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டுக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.