கடலுக்கு வேலி உண்டோ?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். 1967இல் பாங்காக்கில் தோன்றிய ஆசியான் அமைப்பைப் பாருங்கள். தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ், வியட்நாம், மலேசியா, புரூணை ஆகிய உறுப்பு நாடுகளுக்கும் சீனாவுக்கும் உரிமைத் தகராறு உண்டு. 2012இல் கம்போடியத் தலைநகரில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள் இதைக் குறிப்பிடுவதா, வேண்டாமா என்று பிணங்கி, 45 ஆண்டுகளில் முதன்முறையாகக் கூட்டறிக்கையே இன்றிக் கலைந்தனர். எல்லோரும் இசைந்தால்தான் முடிவு என்பது அங்கே விதி. பின்னர் பிலிப்பைன்ஸ் தனியே வழக்காடி 2016இல் சாதகமான தீர்ப்புப் பெற்றது. சீனாவோ அதை ஏற்கவில்லை.

ஒருமனம் நல்லதே. ஆனால் ஒருவர் மறுத்தால் அனைவரும் ஊமையாவதா? அந்நான்கு நாடுகளும் முதலில் தங்களுக்குள் உள்ள எல்லைப் பூசலைத் தீர்த்து, ஒரே குரலில் பேசட்டும். அமைப்பு அதற்கு வழிவிட வேண்டும் என்பதே என் கருத்து. எளியவர் ஒற்றுமையே வலியவரைப் பேச்சுக்கு இழுக்கும் கயிறு.

— பத்தாம் வகுப்பு மாணவி