டிப்ஸில் தெரியும் தோல் நிறம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் பெற்றோர்கள் ஊரில் வந்து சொல்லும் புகார்களில் டிப்ஸுக்குக் கட்டாயம் ஓர் இடம் உண்டு. “சாப்பிட்டதுக்குப் பில் கட்டியாச்சு. அதுக்கு மேல நூத்துக்கு இருபது எதுக்குக் குடுக்கணும்?” நியாயமான கேள்விதான். ஆனால், அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால் முதலாளிக்குப் பைசா நஷ்டமில்லை. தட்டு தூக்கியவருக்கு நஷ்டம். அடுத்து அந்தக் கடைக்கு வரும் இந்தியக் குடும்பத்துக்கும் நஷ்டம்.

கணவரின் வேலைக்காக டெக்சாஸில் குடியிருந்தபோது இதை உள்ளே நின்று பார்த்தேன். கணவரைச் சார்ந்து வருபவர்களுக்கான எச்-4 விசாவில் வேலை செய்யும் அனுமதி கைக்கு வந்ததும் எனக்கு முதலில் கிடைத்தது, டாலஸ் அருகே ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை. பி.காம். படித்தவள் எச்சில் தட்டு எடுப்பதா என்று ஈரோட்டில் கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. தட்டு எடுத்ததில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சம்பளம்தான் விசித்திரமாக இருந்தது: மணிக்கு 2.13 டாலர்.

எழுத்துப் பிழை இல்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு அமெரிக்க மத்திய சட்டம் வைத்திருக்கும் அடிப்படைக் கூலி அதுதான். 1991-லிருந்து அது ஒரு காசுகூட ஏறவில்லை. மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை வாடிக்கையாளர் தன் கையால் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், கணக்கு வாரத்துக்கு ஒருமுறை. சனிக்கிழமை கூட்டத்தில் கிடைத்ததை வைத்து, செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டியதைச் சரிக்கட்டிவிடலாம். வரி பிடித்தம் போகச் சம்பளச் சீட்டில் ஒன்றுமே மிஞ்சாத வாரங்களும் உண்டு.

வெளியில் பலருக்குத் தெரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. மேசை துடைக்கும் பையனுக்கும் பாரில் நிற்பவருக்கும் சர்வர்தான் பங்கு கொடுக்க வேண்டும். நான் இருந்த கடையில் அது என் மேசைகளின் வியாபாரத்தில் 3 சதவீதம். எனக்கு எவ்வளவு டிப்ஸ் வந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. 200 டாலருக்குச் சாப்பிட்ட குடும்பம் ஒன்றும் வைக்காமல் போனால், 6 டாலரை என் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று மணி நேரக் கூலியைக் கொடுத்து அவர்களுக்குப் பரிமாறியிருக்கிறேன் என்று அர்த்தம்.

இப்படி ஒரு சம்பள முறையில் நிற்பவரின் கண் எங்கே போகும்? வாசலுக்குத்தான் போகும். உள்ளே வருபவரின் முகம், தோல், உடை, குழந்தைகளின் எண்ணிக்கை என எல்லாம் ஒரே பார்வையில் எடை போடப்படும். கருப்பினக் குடும்பம் வந்தால் சமையலறைப் பக்கம் “கனடாக்காரங்க வந்தாச்சு” என்று ஒரு குரல் கேட்கும். காது கேட்கத் திட்டாமல் திட்டுவதற்கு அமெரிக்க உணவகங்கள் பலவற்றில் புழங்கும் சங்கேதம் அது. இந்தியர்களுக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. நேரே என்னிடம் தள்ளிவிடுவார்கள். “உங்க ஆளுங்க, நீயே பாத்துக்கோ.”

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்படித்தான் எட்டுப் பேர் வந்தார்கள். ஐஸ் போடாத தண்ணீர், கூடவே சுடுதண்ணீர், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை, மிளகாய் ஏதாவது இருந்தால் அது, ஓர் உருப்படியை மூன்று பேர் பகிர்ந்துகொள்ள வெறும் தட்டு. கடைசியில் பில்லை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பெரியவர் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, “ஏனம்மிணி, நம்மூருப் புள்ளையாட்டத் தெரியுது?” என்றார். பெருந்துறைக்காரராம். வாயாரப் பேசினார், “நல்லா இருக்கோணும்” என்று வாழ்த்தினார். டிப்ஸ் எழுதும் கோட்டில் அவர் மகன் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனார். அன்று இரவு முழுக்கக் கடையில் அதே பேச்சு: “நாங்கதான் சொன்னோமே, இந்தியங்க வைக்க மாட்டாங்க.”

அதே இரவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, நூறு டாலருக்கு மேல் சாப்பிட்டுவிட்டு இரண்டு டாலர் வைத்துப் போனார்கள். அவர்களைப் பற்றியும் பேச்சு எழுந்தது. “அந்த ஆளு கஞ்சன்” என்பதோடு முடிந்தது. வெள்ளைக்காரன் வைக்காவிட்டால் அது அவனுடைய குணம்; கருப்பரோ இந்தியரோ வைக்காவிட்டால் அது இனத்தின் குணம். 25 சதவீதம் வைத்துப் போகும் கருப்பினத் தாத்தாவும், குஜராத்திப் பெண்ணும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. ‘அவங்க வேற மாதிரி’ என்று ஒதுக்கிவிட்டால் பழைய நம்பிக்கைக்குச் சேதமில்லை.

சராசரியில் வித்தியாசமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. டிப்ஸ் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராயும் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின், கருப்பின வாடிக்கையாளர்கள் வைக்கும் டிப்ஸ் சராசரியில் குறைவு என்றே எழுதியிருக்கிறார். 15 முதல் 20 சதவீதம் என்ற வழக்கம் எல்லாச் சமூகத்துக்கும் ஒரே அளவில் தெரிந்திருக்கவில்லை என்பதை அதற்கொரு முக்கியக் காரணமாகவும் காட்டுகிறார். பெருந்துறைக்காரரின் கதையும் அதுவே. ஆனால், சராசரி என்பது மேசையில் வந்து உட்காருவதில்லை. ஒரு மனிதர்தான் வந்து உட்காருகிறார். சராசரியை அவர் தலையில் ஏற்றிவைத்து, தண்ணீரைத் தாமதமாக ஊற்றி, சிரிப்பைக் குறைத்தால், அவரும் டிப்ஸைக் குறைப்பார். பிறகென்ன, ‘பார்த்தாயா?’ என்று கேட்டுக்கொள்ளலாம். வட கரோலினாவில் உணவகச் சர்வர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், வாடிக்கையாளரின் இனத்தைப் பார்த்துத் தங்கள் கவனிப்பு மாறுவதுண்டு என்று ஏறத்தாழ 40 சதவீதத்தினர் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இது முற்றினால் எங்கே போகும் என்பதற்கு ‘டென்னிஸ்’ (Denny’s) உணவக நிறுவனத்தின் மீதான வழக்கு சாட்சி. கருப்பின வாடிக்கையாளர்களைக் காக்கவைத்தார்கள், முன்பணம் கேட்டார்கள் என்ற புகார்களின் முடிவில் 1994-இல் அந்த நிறுவனம் 5.4 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இதன் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. கொடுக்கும் கையைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். வாங்கும் கைக்கும் நிறம் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சிப் பயணங்களை யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஐயன் ஏர்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். 2005-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, கருப்பின ஓட்டுநர்களுக்கு வெள்ளை ஓட்டுநர்களைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு டிப்ஸ் குறைவு. கருப்பினப் பயணிகளும் கருப்பின ஓட்டுநருக்குக் குறைத்தே கொடுத்திருக்கிறார்கள். ஒரு முதலாளி தன் ஊழியர்களுக்குத் தோலைப் பார்த்துச் சம்பளம் போட்டால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். அந்தச் சம்பளத்தையே வாடிக்கையாளர்கள் போட்டால் யாரை இழுப்பது?

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததும் இல்லை. டிப்ஸ் பழக்கம் ஐரோப்பாவிலிருந்து பணக்காரர்களோடு அமெரிக்காவுக்கு வந்தது. உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து, அடிமைத்தளை நீங்கிய கருப்பின மக்கள் வேலை தேடிய காலத்தில் உணவகங்களும் ரயில் நிறுவனங்களும் அதை இறுகப் பிடித்துக்கொண்டன. தூங்கும் வசதி கொண்ட ரயில் பெட்டிகளை ஓட்டிய புல்மேன் நிறுவனம் பணியாளர்களாகக் கருப்பின ஆண்களை அமர்த்தி, சொற்பச் சம்பளம் கொடுத்தது. மிச்சத்துக்குப் பயணிகளின் தயவு. பயணிகள் அவர்களின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயரால் எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கண்டு, 1937-இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். உணவகத் தொழிலாளிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. 1966-இல் உள்ளே சேர்த்தபோதும், டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று முதலாளிக்கு வழி செய்துகொடுத்தது.

“டிப்ஸை எடுத்துவிட்டால் எங்கள் வருமானம்தான் போகும்” என்று சர்வர்களே சொல்வதுண்டு. கூட்டமுள்ள நகரத்தில், விலை கூடிய கடையில் நிற்பவருக்கு அது உண்மை. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், சர்வர்களுக்கு முழுக் கூலி கேட்ட திட்டத்தைத் தோற்கடித்தார்கள். நியூயார்க்கில் உணவக முதலாளி டேனி மேயர் 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்திப் பார்த்து, 2020-இல் கைவிட்டார். ஆனால், முழுக் கூலி கொடுப்பதற்காக டிப்ஸை ஒழிக்க வேண்டிய அவசியமே இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய 7 மாநிலங்களில் சர்வருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி. அங்கே உணவகங்கள் மூடிப்போகவில்லை; மக்கள் டிப்ஸ் வைப்பதையும் விடவில்லை. சிகாகோ நகரமும் 2023-இல் அதே வழிக்கு முடிவெடுத்தது. 2025-இல் வந்த மத்தியச் சட்டமோ டிப்ஸுக்கு வருமான வரிச் சலுகை தந்துவிட்டு, 2.13 டாலரை அப்படியே விட்டுவிட்டது.

வாடகையும் பால் செலவும் எதிரே உட்காருபவரின் பர்ஸில் தொங்காதபோது, அவர் முகத்தை எடைபோடும் அவசரம் சர்வருக்குக் குறையும். ‘இனவெறி கூடாது’ என்று சுவரில் எழுதி ஒட்டுவதைவிட ஒழுங்கான மாதச் சம்பளம் அதிகம் சாதிக்கும்.

அதுவரை நம்மவர்கள் செய்ய வேண்டியது சிறிது. அமெரிக்காவில் வெளியே சாப்பிடப் போனால் 18 முதல் 20 சதவீதத்தைச் சாப்பாட்டு விலையோடு சேர்த்தே மனத்தில் வையுங்கள்; அது இனாம் இல்லை, கூலி. பெரிய கூட்டமாகப் போனால் அது ஏற்கெனவே பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கவனிப்பு மோசமென்றால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். டிப்ஸ் முறை பிடிக்கவில்லையென்றால், அங்கே வாக்குரிமை பெற்ற உங்கள் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். சாப்பாட்டு மேசையில் “கருப்பங்க இப்படித்தான்” என்று தொடங்கும் பேச்சை மட்டும் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். அதே வாக்கியத்தை நம்மைப் பற்றியும் சமையலறையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.