இலையின் முன்னால் அம்மா

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கங்களிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே அப்படி வந்து இறங்குகிறவராகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்குச் சப்பாத்து, அப்பாவுக்குச் சட்டை, சாமிக்குக் கற்பூரம் என்று வாங்கி முடிப்பதற்குள் மணி ஒன்றாகிவிடும். எங்கே சாப்பிடுவது என்ற பேச்சு அப்போதுதான் எழும். பிள்ளைகள் ஒரு கடையைச் சொல்வார்கள். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அம்மாவை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "எனக்கு எதுவானாலும் சரி" என்பாள்.

ஆகவே வாசகர்களே, இந்த முறை அம்மாவுக்காகச் சில கடைகளைப் பார்த்து வருவோம். ருசியைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தக் கடையில் அம்மா உட்கார்ந்து, சூடாக, நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்?

சிரிக்காதீர்கள். விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டி, எல்லாருக்கும் பசியாறக் கட்டி, பிரட்டுக்கு ஓடி, பால்மரம் வெட்டித் திரும்பி, மறுபடியும் அடுப்படியில் நின்றவள் அவள். எல்லாரும் தின்று எழுந்த பிறகு சட்டியை வழித்து, ஆறிய சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். இன்று பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. லயத்தை விட்டு எத்தனையோ குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டன. பெண்கள் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். ஆனால் அம்மா கடைசியில் சாப்பிடுகிற வழக்கம் மட்டும், தட்டுமுட்டுச் சாமான்களோடு லோரியில் ஏறி வந்துவிட்டது.

முதலில் நம்முடைய வாழையிலைக் கடைக்கே போவோம். ஜாலான் பெண்டாஹாரா, ஜாலான் தெமெங்கோங் பக்கம் நடந்தால் தாளிப்பு வாசமே வழி காட்டும். உட்கார்ந்ததும் இலை விழுகிறது. தண்ணீர் தெளித்துத் துடைக்கிறோம். சோறு, இரண்டு மூன்று கறிகாய், அப்பளம், ஊறுகாய் வருகின்றன. பருப்பா, மீன் குழம்பா, கோழிக் குழம்பா என்று ஒருவர் வாளியோடு நின்று கேட்கிறார். இங்கே அம்மாவைக் கவனியுங்கள். பழக்கதோஷம், கை தானாகப் பிள்ளையின் இலைப் பக்கம் நீளும். ஆனால் அகப்பை அவள் கையில் இல்லையே! வேறொருவர் வந்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா அம்மா?" என்று கேட்கிறார். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பவள் அவள்தான். அவளைப் பார்த்து அப்படி யாராவது கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, மோரும் ஊற்றிச் சாப்பிடட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வறுத்த மீன், நண்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்று சிறு தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார். பிள்ளைகள் இரண்டு கையாலும் காட்டுவார்கள். அதெல்லாம் தனிக் கணக்கு. விலையைக் கேட்டுவிட்டே எடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். விலையை எழுதிக் காட்ட வேண்டியது கடைக்காரரின் கடமை என்று இந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது.

அடுத்தது கோழிச்சோற்று உருண்டை. ஹைனான் சீனர்களின் கைவண்ணம். கோழி வெந்த சாற்றில் ஆக்கிய சோற்றைப் பிடித்து, எலுமிச்சங்காய் அளவில் உருட்டி வைக்கிறார்கள். வேலைக்காட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் சூடு ஆறாமல் இருக்கட்டும் என்றே உருட்டத் தொடங்கினார்களாம். தூக்குச்சட்டி தூக்கிய நமக்கு இந்தக் கதை புரியாதா என்ன? அம்மாவுக்கு இங்கே வேலையே இல்லை. சின்னவன்கூடத் தானே எடுத்துத் தின்பான். ஒரே குறை வரிசை. 2008ல் யுனெஸ்கோ மலாக்காவை ஜார்ஜ் டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. ஜோங்கர் தெருவில் விடுமுறை நாளில் கூட்டம் நெரிகிறது. இடுப்பில் பிள்ளையோடு வெயிலில் நிற்பவளுக்கு எந்த உருண்டையும் இனிக்காது. பதினொரு மணிக்கே போய்விடுங்கள்.

சாத்தே செலுப் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். மேசை நடுவில் கடலைக் குழம்பு கொதிக்கும். குச்சியில் கோர்த்த மீன் உருண்டை, இறால், காடை முட்டை எல்லாவற்றையும் அதில் முக்கி எடுத்துத் தின்ன வேண்டும். கடைசியில் குச்சியை எண்ணிக் காசு. நல்ல வேடிக்கைதான்! ஆனால் யார் முக்குகிறார்கள்? கொதிக்கிற சட்டி, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளுமே என்று அம்மாதான் முன்னால் குனிந்து, முக்கி, ஊதி ஊதிக் கொடுக்கிறாள். அடுப்படியை விட்டு வந்தவளைக் காசு கொடுத்து இன்னொரு அடுப்பின் முன் உட்கார வைத்திருக்கிறோம். அங்கே போவதானால் ஐயா, குச்சியை நீங்கள் பிடியுங்கள். மாட்டிறைச்சி ஆகாத வீட்டார் எதில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே சட்டியில்தான் வேகின்றன.

ஊஜோங் பாசிரில் போர்த்துகீசியர் குடியிருப்பு இருக்கிறதல்லவா, கடற்காற்றோடு சுட்ட மீன் அருமை. கடுகும் வினிகரும் சேர்த்த அவர்களுடைய டெவில் கறி நம் நாக்குக்கும் ஒத்துக்கொள்ளும். மலாய்க்காரர்களின் அசாம் பெடாசும் அப்படித்தான், புளிக்குழம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மீனில் முள் உண்டு என்பதுதான் அம்மாவுக்குச் சங்கடம். பிள்ளைக்கு முள் எடுத்து முடிக்கையில் அவள் பங்கு ஆறிப்போகும். அப்பாவுக்கும் இரண்டு கை இருக்கிறது.

கே.எப்.சி. இந்த நாட்டுக்கு வந்தது 1973ல். மெக்டோனால்ட்ஸ் 1982ல். இவற்றில் தட்டைச் சுமப்பது அம்மாவாக இல்லாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. மாமாக் கடை எந்நேரமும் திறந்திருக்கும். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் கைக்கு அடக்கமான விலை. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை வந்ததால், கைக்குழந்தையோடு போவதும் இப்போது சுலபம்.

குளிர்சாதனக் கடைகளின் கண்ணாடிக் கதவைப் பார்த்தால் நம் பெண்களில் சிலருக்குக் கால் தயங்குகிறது. பட்டியல் ஆங்கிலத்தில் இருக்குமே, நம் சேலையைப் பார்ப்பார்களே என்ற கூச்சம். பத்து வெள்ளி யார் கையிலிருந்து வந்தாலும் பத்து வெள்ளிதான். படித்த மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பட்டியலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பெரிய கடையானால் பில்லில் 6 விழுக்காடு சேவை வரி இருக்கும். சில இடங்களில் கடைக்காரரின் சேவைக் கட்டணம் வேறு. புறப்படும்போதே அதையும் கணக்கில் வையுங்கள்.

மாதா மாதம் முடியாது என்பீர்கள். தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போய் வாருங்கள், அதுவும் அம்மா சொல்லும் கடைக்கு. "எதுவானாலும் சரி" என்றால் விடாதீர்கள். இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் கேளுங்கள். ஒரு கடையின் பெயர் வரும்.

சாப்பிட்டு முடித்ததும், மிச்சமிருக்கும் இரண்டு கோழித்துண்டைப் புங்குஸ் கட்டச் சொல்வாள். கட்டட்டும். ராத்திரி அந்தப் பொட்டலத்தைப் பிரித்து அவள் உங்களுக்குப் பரிமாற வந்தால், தட்டை அவள் பக்கம் தள்ளிவிடுங்கள்.