ஆலை நீர் மீண்டும் ஆலைக்கே திரும்பட்டும்

2024 ஜனவரியில் பினாங்கில் குழாய்கள் வறண்ட நாள்களை நாம் மறந்திருக்க மாட்டோம். சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பழுதான வால்வுகளை மாற்ற நீர் விநியோகம் நிறுத்தப்பட்டது. நான்காவது மாடியிலுள்ள எங்கள் வீட்டிற்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். பள்ளியில் படித்த ஒரு செய்தி அப்போதுதான் உறைத்தது. நம் மாநிலத்தின் நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆறு ஒன்றிலிருந்தே வருகிறது. அதுவும் கெடாவில் பிறந்து நம் எல்லையோரம் ஓடும் ஆறு.

வீடுகளைப் போலவே தொழிற்சாலைகளும் இந்த நீரைத்தான் நம்பியுள்ளன. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையால் நம் குடும்பங்கள் பல முன்னேறியுள்ளன. அதை மறுக்க முடியாது. ஆனால், மின்னணுப் பாகங்களைக் கழுவிய நீரில் அமிலமும் உலோகமும் கலந்திருக்கும். குறிப்பிட்ட அளவுக்குச் சுத்திகரித்த பிறகே அதை வெளியேற்ற வேண்டும் என்கிறது சட்டம். அவ்வளவு செலவு செய்து சுத்தமாக்கிய நீரைக் கால்வாயில் விட்டுவிட்டு, மறுபடியும் மூடா ஆற்று நீரையே கேட்பது என்ன நியாயம்?

இது முடியாத காரியமன்று. தமிழ்நாட்டின் திருப்பூரில் சாயக் கழிவால் நொய்யல் ஆறு பாழானது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பலர் வேலை இழந்தனர். அதன் பிறகே, நுண்ணுயிர்களாலும் சவ்வு வடிகட்டிகளாலும் கழிவைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் பிரித்து, மீண்டும் சாயமிடவே பயன்படுத்தும் முறை அங்கு வேரூன்றியது. அண்டை நாடான சிங்கப்பூரோ 2003 முதல் கழிவுநீரை 'நியூவாட்டர்' ஆக்கிச் சில்லுத் தொழிற்சாலைகளுக்கே வழங்குகிறது.

குறைகளும் உண்டு. இம்முறைக்கு மின்சாரம் அதிகம் தேவை. எஞ்சும் உப்பையும் நச்சுச் சேற்றையும் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். திருப்பூர் இன்னும் அந்தச் சிக்கலோடு போராடுகிறது. ஆனால், ஆறு கெட்ட பிறகு கொடுக்கும் விலை இதைவிடப் பெரிது. 1970களில் பிறை ஆலைக் கழிவால் பிழைப்பை இழந்த குவாலா ஜூரு மீனவர்களின் கதை நமக்குத் தெரிந்ததுதானே!

ஆகவே, நீதிமன்றம் கதவடைக்கும்வரை நாம் காத்திருக்கக் கூடாது. புதிய ஆலைகளுக்கு அனுமதி வழங்கும்போதே, பயன்படுத்திய நீரில் எவ்வளவு மீண்டும் பயன்படுத்தப்படும் என்பதை மாநில அரசு நிபந்தனையாக்க வேண்டும். வேதியியலும் பொறியியலும் பயிலும் மாணவ நண்பர்களே, இது நம் துறை. அடுத்த முறை தொழிற்சாலைக்குக் கல்விச் சுற்றுலா செல்லும்போது, "இங்கிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது?" என்று தயங்காமல் கேளுங்கள்.