கேள்வி கேட்காதே, மணமகளே!

ஆர்கன் முழங்குகிறது! தேவாலயத்து வாயிலில் வெண்பட்டு உடுத்திய மணமகள். அவள் கரம் பற்றித் தந்தை. உற்றார் எழுந்து நிற்கின்றனர். இருக்கைகளுக்கிடையே அடிமேல் அடிவைத்து வருகிறாள் நங்கை. பீடத்தருகே காத்திருக்கிறான் காளை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் காட்சி. திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள், தோழர்களே! நம்மூர்த் தேவாலயங்களிலும் அந்த இசையைக் கேட்டிருப்பீர்கள்.

எவர் தந்த இசை அது? எந்தக் கட்டத்துக்காகப் பிறந்தது? "வழக்கம் ஐயா, வழக்கம்!" என்பார்கள் பழைமை விரும்பிகள். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் வாய்பொத்தி நிற்கும் வழக்கம் நமக்கில்லையே! எனவே, கேட்போம்.

மணமகள் உள்ளே வரும்போது பெரும்பாலும் ஒலித்தது ஜெர்மானியர் ரிச்சர்டு வாக்னரின் இசை. 'லோஹெங்கிரின்' என்ற அவரது இசை நாடகம் 1850 ஆகஸ்டு 28-ல் வைமார் நகரில் அரங்கேறியது. கதையைக் கேளுங்கள். எல்சா என்ற இளநங்கை மீது தம்பியைக் கொன்றாள் என்ற பழி. அன்னம் இழுத்துவரும் படகில் வருகிறான் ஒரு வீரன். வாளேந்தி அவள் மானம் காக்கிறான். அவளையே மணக்கவும் இசைகிறான். ஆனால் ஒரு நிபந்தனை: அவன் பெயர் என்ன, ஊர் எது, குலம் எது என்று அவள் என்றுமே கேட்கக்கூடாது!

கட்டிய கணவனின் பெயரைக் கேட்கக்கூடாதாம்! திருமணம் முடிந்து, மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துச் செல்கையில் பாடுகிறார்களே, அந்தப் பாட்டுத்தான் இன்று மணமகளைப் பீடத்துக்கு அழைத்துவரும் இசை. பாட்டு முடிகிறது, தனிமை கிடைக்கிறது, எல்சா கேட்டுவிடுகிறாள். அவ்வளவுதான்! அன்றிரவே மணவாழ்வு முறிகிறது. வீரன் விடைபெறுகிறான், அவள் உயிரற்றுச் சாய்கிறாள். கேள்வி கேட்டாள், மடிந்தாள்!

மேடைக்கு எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மணவாழ்வு உடைவதற்குச் சற்று முன் ஒலிக்கும் இசையை, மணவாழ்வின் வாயிலில் தோரணமாகக் கட்டியிருக்கிறார்கள்! இதனினும் பெரிய முரண் எந்த நாடகாசிரியனுக்குக் கிட்டும்?

கிட்டும். மணமகள் வெளியே செல்லும்போது ஒலிக்கும் இசையைப் பாருங்கள். அது ஃபெலிக்ஸ் மெண்டல்சோன், ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்துக்காக 1842-ல் அமைத்தது. அங்கே ஹெர்மியா என்றொரு பெண். "நான் காட்டுபவனை மணக்க வேண்டும், மறுத்தால் சாகவேண்டும்!" என்று அரசனிடமே சட்டம் பேசுகிறான் தந்தை. அவள் பணியவில்லை. காதலனோடு கானகம் புகுகிறாள். இறுதியில் அவனையே மணக்கிறாள். அந்த மணத்தின் இசைதான் அது. 1858 ஜனவரி 25-ல் விக்டோரியா அரசியின் மூத்த மகள் லண்டனில் பிரஷ்ய இளவரசனை மணந்தபோது அது முழங்கிற்று. அரண்மனை கேட்டது, ஊர் பின்பற்றியது.

வரும்போது, கேள்வி கேட்டதால் மாண்டவளின் இசை. போகும்போது, தந்தையை எதிர்த்து வென்றவளின் இசை. இரண்டுக்கும் நடுவே பாதிரியாரின் வினா: "இப்பெண்ணைக் கொடுப்பவர் யார்?" கொடுப்பதற்கு அவள் என்ன, கொல்லையில் கட்டிய பசுவா?

இன்னொன்றும் உண்டு. அதே 1850-ல், புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு, இசையில் யூதர் பற்றி ஒரு நச்சுக் கட்டுரை எழுதினார் வாக்னர். யூதக் குடும்பத்தில் பிறந்து, மூன்றாண்டுக்கு முன்பே மறைந்துவிட்ட மெண்டல்சோனை அதில் தாக்கினார். 1869-ல் சொந்தப் பெயரிலேயே அதை வெளியிட்டார். பின்னர் வந்தது நாஜி ஆட்சி. 1936-ல் லைப்சிக் நகரிலிருந்த மெண்டல்சோன் சிலை பெயர்த்தெறியப்பட்டது. அதை எதிர்த்த மேயர் கேர்டலர் பதவி துறந்தார். சிலையின் மறுவடிவம் அந்நகரில் எழ 2008 வரை காத்திருக்க நேர்ந்தது. பழித்தவன் இசையில் உள்ளே வந்து, பழிக்கப்பட்டவன் இசையில் வெளியே செல்கிறாள் மணமகள். அவளுக்கு இதை யார் சொன்னார்கள்?

"இசைக்கேது குலம், இசைக்கேது குற்றம்? மெட்டு இனிக்கிறது, போதாதா?" என்பீர்கள். உண்மை, தோழர்களே! இனிமையை மறுப்பவனல்லன் நான். ஆர்கனை உடையுங்கள் என்று சொல்லவுமில்லை. கதை தெரிந்தபின்னும் அவளுக்கு அந்த இசை பிடிக்குமானால், ஒலிக்கட்டும்! தெரிந்து எடுத்தால் தேர்வு. தெரியாமல் தலையில் ஏற்றினால் சுமை.

தேர்ந்தெடுப்பவர்களும் தோன்றிவிட்டார்கள். 1981-ல் டயானா, ஜெரமையா கிளார்க்கின் எக்காள இசைக்கு நடந்துவந்தார். கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற சொல்லை உறுதிமொழியிலிருந்தே நீக்கினார். 2018-ல் மேகன் மார்க்கல், ஹேண்டலின் இசை ஒலிக்க, வின்ட்சர் தேவாலயத்துப் பாதையில் முதற்பகுதியைத் தனியே நடந்தார். சுவீடனிலோ மணமக்கள் இருவரும் இணைந்து நடப்பதே மரபு. 2010-ல் அந்நாட்டு இளவரசி, தந்தை தன்னை அழைத்துச் செல்ல விரும்பியபோது, தலைமைப் பேராயரே அது சமத்துவத்துக்கு ஒவ்வாது என்று சுட்டிக்காட்டினார்!

நமக்கென்ன இதில் என்கிறீர்களா? அங்கே "கொடுப்பவர் யார்?" இங்கே 'கன்னிகாதானம்'. அங்கே ஆர்கன், இங்கே தும்மலும் கேட்டுவிடக் கூடாதென்று கெட்டிமேளம். தும்மலை அமுக்கிய மேளம், எத்தனை பெண்களின் விம்மலை அமுக்கியதோ! 1928-ல் பெரியார் சுயமரியாதைத் திருமணத்தைத் தொடங்கியபோது, பெண்ணைப் பொருளாகக் கொடுக்கும் சடங்கைத்தான் முதலில் தள்ளினார். 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா, அத்தகைய மணங்களுக்கு, முன்னே நடந்தவற்றுக்கும் சேர்த்து, சட்டத்தின் காப்பளித்தார்.

சட்டம் வந்தது, மனம் வந்ததா? கழகத் தோழர் இல்லத்து மணவிழாவில் ஐயர் இல்லை, அக்கினி இல்லை, பெருமைதான்! ஆனால் என்ன பாட்டு, எவர் தலைமை, எத்தனை ஒலிபெருக்கி என்பதையெல்லாம் மாமன் முடிவு செய்கிறார், மாவட்டம் முடிவு செய்கிறது, பந்தல்காரரும் முடிவு செய்கிறார். மணமகளைக் கேட்டோமா?

அடுத்த மணவிழாவுக்கு நாள் குறிக்கும்போது, அவளருகே அமர்ந்து கேளுங்கள்: "அம்மா, உனக்கு எந்த இசை வேண்டும்? எவரோடு நடந்துவர விரும்புகிறாய்?" அவள் திருப்பிக் கேட்கட்டும், மாப்பிள்ளையின் பெயரை, வருவாயை, கொள்கையைக் கேட்கட்டும்! கேட்டதற்காக எந்த எல்சாவும் இனிச் சாய வேண்டாம். கேள்வி கேட்கும் மணமகளுக்கு எழுந்து நிற்பதுதான் சுயமரியாதைக்காரனின் மரியாதை!